தலைப்பை நிறுத்திய ஸ்டெனோ அம்மா

ஈய எழுத்துகளை இறுக்கிப் பூட்டிய இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு பெண்ணின் வலது கை விரிந்திருந்தது. பென்சில் பிடித்துப் பிடித்து நடுவிரலில் காய்ப்பு ஏறிய கை. அதற்குக் கீழே, மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகளில், இடம் வலமாகத் திரும்பி நின்றது நான் எழுதிய தலைப்பு: "அமெரிக்க ஜனாதிபதி தோல்வி!" மெஷின் ஓட்டும் பாய், சட்டத்தைத் தூக்கிப் போகத் தயாராக நின்றபடி, "டைம் ஆயிடுச்சும்மா, ஜல்தி கையை எடுங்க" என்றார். அந்தப் பெண் எடுக்கவில்லை. நாற்பத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணி. அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்களைப் பத்திரிகை அலுவலகங்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எந்தத் தேர்தலை நினைத்தாலும் அந்தக் கைதான் முதலில் வருகிறது.

எங்களுடையது பெங்களூர் கன்டோன்மென்டில் அச்சான நான்கு பக்கத் தமிழ் மாலைப் பத்திரிகை. மூன்று மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கினால்தான் மாலை ரயிலில் கோலார் தங்கவயலுக்குக் கட்டுகள் போய்ச் சேரும். சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வருகிறவர்கள் வாங்கிப் படித்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. நான் உதவி ஆசிரியர், இருபத்தாறு வயது. சட்டத்தின் மேல் கை வைத்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பிரேசர் டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, கைப்பையில் நாலைந்து கூராக்கிய பென்சில்கள். முதலாளி தொடங்கி வாசல் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் 'ஸ்டெனோ அம்மா'தான். ரேடியோவில் ஆங்கிலச் செய்தியைக் கேட்டுச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தருவது அவர் வேலை. லண்டன் ரேடியோ எனக்கும் புரியும். அமெரிக்க ரேடியோ, வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். அவருக்கு மட்டும் அது தெளிவாகக் கேட்டது. யுத்த காலத்தில் இங்கே வந்திருந்த ஓர் அமெரிக்க காப்டனிடம் ஒன்றரை வருஷம் டிக்டேஷன் எடுத்தவர்.

என் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். வாரம் ஒருமுறை அமெரிக்க அரசியலைப் பற்றி ஒரு பத்தி எழுதி வந்தேன். அமெரிக்க விமர்சகர்கள் எழுதியதைப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் படித்து, கொஞ்சம் உப்பு காரம் சேர்த்துத் தமிழில் தருவேன். அந்த வருஷம் அங்கே ஜனாதிபதி தேர்தல். நாற்காலியில் இருந்தவர், முந்தையவர் பதவியிலேயே இறந்துபோனதால் அந்த இடத்துக்கு வந்தவர். ஒரு காலத்தில் துணிக்கடை வைத்து நொடித்துப் போனவர். அவருடைய கட்சியே மூன்றாக உடைந்திருந்தது. எதிர்த்து நின்றவர் மீசை வைத்த ஒரு கவர்னர். கவர்னர்தான் ஜெயிப்பார் என்று அமெரிக்காவில் பேனா பிடித்தவர்கள், மைக் பிடித்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் பத்து வாரம் அதையே சொன்னேன். தங்கவயலிலிருந்து எனக்கு வந்த கடிதங்களில் என்னை 'அமெரிக்க ஐயா' என்று எழுதினார்கள். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

பெங்களூர்க்காரர்களுக்கு அமெரிக்கா எதற்கு என்று கேட்கலாம். வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நமக்கும் ஓட்டு வரும், ஆளாளுக்கு ஒரு சீட்டு என்று பேச்சு. ஆட்சியில் இருக்கிறவன், காகிதச் சீட்டை எண்ணிச் சொன்னால் எழுந்து போய்விடுவானா? அல்சூர் டீக்கடைகளில் இதுதான் சண்டை. "எங்கயாவது நடக்குமாங்க? போலீஸு, பட்டாளம் எல்லாம் அவன் கையில இருக்குதே!" என்பார்கள். நடக்கப் போகிறது, நம் கண் முன்னாலேயே நடக்கப் போகிறது என்று நான் எழுதினேன். அந்த ஆசையில்தான் கவர்னர் ஜெயிக்க வேண்டும் என்று நானே விரும்ப ஆரம்பித்திருந்தேன். விரும்புவதும் தெரிந்துகொள்வதும் வேறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் நாளே தலைப்பை அடுக்கியாகிவிட்டது. கவர்னரின் படத்தை அச்சடிக்க மதராஸிலிருந்து உலோக பிளாக் செய்து வந்திருந்தது. மீசை அழகாக விழுந்திருந்தது. வாழ்க்கை வரலாறு ஒன்றரைப் பத்தி. மறுநாள் காலை ரயிலில் வரும் மதராஸ் பத்திரிகைகளுக்கு முன்பாக நாம் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முதலாளி துடித்துக்கொண்டிருந்தார்.

புதன் காலை ஏழு மணியிலிருந்தே ஸ்டெனோ அம்மா முதலாளி அறையில் ரேடியோவோடு காதை வைத்து உட்கார்ந்திருந்தார். கடுகு வெடிப்பதுபோல் அது பொரிந்துகொண்டிருந்தது. ஒரு மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது, "சார், இருக்கிறவர்தான் முன்னால போயிட்டிருக்கார்" என்றார். "கடைசியில கவிழ்ந்துடுவார்னு ரேடியோக்காரரும் சொல்றார் இல்ல?" என்று கேட்டேன். "சொல்றார்" என்றார். அது போதும் என்று போய்விட்டேன். அவருக்கு அது போதவில்லை. இரண்டு மணிக்கு, பக்கத்தைப் பூட்டி முடித்த நேரத்தில், நோட்டுப் புத்தகத்தோடு அச்சுக்கூடத்துக்கே வந்து கையை வைத்துவிட்டார்.

சத்தம் கேட்டு முதலாளி இறங்கி வந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது.

"ஏம்மா, இது என்ன அடம்? அங்க இருக்கிற பெரிய பெரிய ஆளுங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"எனக்குத் தெரியாதுங்க முதலாளி. அவங்களுக்கும் தெரியாது. இன்னும் எண்ணி முடிக்கலை."

"நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்னு சொன்னா?"

"வரலைங்க. இன்னிக்கு வேலையைச் செஞ்சுட்டுப் போறேன்."

எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர்கள் பெட்டிகளை விட்டு எழுந்து நின்றார்கள். ஸ்டெனோ அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார். அவர் வீட்டு விஷயம் பேசி அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

"சிங்கப்பூர் விழுந்தப்போ என் வீட்டுக்காரர் அங்க பட்டாளத்துல கிளார்க், சார். ரேடியோவுல ஒருத்தர், 'நம்ம ஆளுங்க கப்பல்ல தப்பிச்சிருப்பாங்க'ன்னார். மறுநாள் ஒரு பேப்பர்ல 'தப்பினார்கள்'னு வந்துச்சு. நான் சர்ச்சுல ஸ்தோத்திரக் காணிக்கை படைச்சேன். தெருவுக்கெல்லாம் கேக் கொடுத்தேன். ஒன்பது மாசம் கழிச்சுத் தந்தி வந்துச்சு. அவர் கப்பல் ஏறவே இல்லை." "ரேடியோக்காரர் பொய் சொல்லலை. பேப்பர்க்காரரும் வேணும்னு எழுதலை. 'தப்பிச்சிருப்பாங்க'ங்கறது 'தப்பினார்கள்'னு ஆயிடுச்சு. அவ்வளவுதான். நீங்களும் அதைத்தான் பண்ணியிருக்கீங்க, சார். 'தோற்பார்'னு சொன்னாங்க. 'தோல்வி'ன்னு அடுக்கிட்டீங்க."

பிறகு நோட்டுப் புத்தகத்தை விரித்தார். இடப் பக்கத்தில் எண்ணிக்கை, வலப் பக்கத்தில் விமர்சகர்கள் பேச்சு. நேரத்தைக் குறித்துக் குறித்துக் காலையிலிருந்து இப்படிப் பிரித்தே எடுத்திருந்தார். முதலில் இடப் பக்கத்தை மட்டும் வாசித்தார். எட்டு மணிக்கு ஜனாதிபதி முன்னே. பத்துக்கு முன்னே. பன்னிரண்டுக்கு முன்னே. ஒன்றரைக்கும் முன்னே. அடுத்து வலப் பக்கம். எட்டு மணிக்கு, இது பட்டணத்து ஓட்டு, நிலைக்காது என்றார்கள். பத்துக்கு, கிராமத்து ஓட்டு வரட்டும் என்றார்கள். கிராமத்து ஓட்டும் வந்தது. பன்னிரண்டுக்கு, மேற்கே இன்னும் எண்ணவில்லை என்றார்கள். ஒன்றரைக்கு, எப்படியும் தோற்பார் என்றார்கள். ஒவ்வொரு முறையும் காரணம் மாறியது, தீர்ப்பு மாறவில்லை. பத்து வாரமாக நானும் அந்த வலப் பக்கத்தைத்தான் எழுதிவந்திருக்கிறேன் என்று அந்த நிமிஷத்தில் புரிந்தது.

நான் முன்னால் போய்ச் சட்டத்தின் பூட்டைத் தளர்த்தினேன். "தோல்வி" என்ற மர எழுத்துகளை என் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"என்னப்பா, நீயும் அவங்க பக்கம் சேர்ந்துட்டியா?" என்றார் முதலாளி.

"பக்கம் ஒண்ணும் இல்லைங்க. எழுதினது நான். தப்பு என்னுது."

"ராத்திரி அந்த ஆள் தோத்தான்னா, மதராஸ் பேப்பர் வந்து நம்ம மூஞ்சியில கரி பூசும். அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் இங்க இடமில்லை, சொல்லிட்டேன்."

ஸ்டெனோ அம்மா அப்போதுதான் கையை எடுத்தார். "அவர் தோத்தாலும், இன்னிக்கு நாம போடறது பொய்யாகாதுங்க முதலாளி."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மாடிக்குப் போய்விட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம். மர எழுத்தில் 'ணி' உடைந்திருந்ததால் 'முன்னணி' என்று போட முடியவில்லை. "ஜனாதிபதி முன்னே, முடிவு வரவில்லை" என்று அடுக்கினோம். அதன் கீழே சின்ன எழுத்தில், "தோற்பார் என்கிறார்கள் விமர்சகர்கள், எண்ணிக்கை இதுவரை அப்படிச் சொல்லவில்லை." கவர்னரின் மீசை இருந்த இடம் காலியாகிவிட்டது. கைக்குக் கிடைத்தது கூந்தல் தைல விளம்பரம் ஒன்றுதான். முழங்கால் வரை தலைமுடி தொங்கும் ஒரு பெண்ணோடு அமெரிக்கத் தேர்தல் செய்தி மூன்று மணிக்கு மெஷினில் ஏறியது. பாய் அன்று மெஷினை விரட்டினார். கட்டுகள் ரயிலைப் பிடித்துவிட்டன.

அன்று மாலை ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனவன் கேலி தாங்காமல் திரும்பினேன். "என்ன அமெரிக்க ஐயா, பத்து வாரம் புலி, இன்னிக்கு எலியா?" என்றார் பழக்கடைக்காரர். "முடிவு வரலைன்னு சொல்றதுக்கு ஒரு பேப்பரா?" என்றார் பக்கத்துக் கடைக்காரர். ஆனால், ஆச்சரியம், எனக்கு அவமானமாக இல்லை.

மறுநாள் காலை அலுவலக வாசலில் கம்போசிட்டர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணி விடாமல் கேட்டது. ஸ்டெனோ அம்மா அப்படி மணி அடிக்கிறவர் அல்ல. இறங்கி, மூச்சு வாங்க, ஒரே வார்த்தை சொன்னார்: "ஜெயிச்சுட்டார்." கவர்னரே தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்துத் தந்தி அனுப்பிவிட்டாராம். மை படிந்த கைகள் எல்லாம் சேர்ந்து தட்டிய சத்தம் தெருவுக்கே கேட்டது. பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மேலே வீசினார். நான் பத்து வாரம் எழுதித் தோற்றவன். அங்கே நின்றவர்களில் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தவன் யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் முதலாளி ஒரு தட்டு மைசூர்பாகோடு வந்தார். தங்கவயல் ஏஜென்டிடமிருந்து வந்த தந்தி அவர் சட்டைப் பையில் இருந்தது: இன்று இரண்டு மடங்கு கட்டு அனுப்பவும். தட்டை ஸ்டெனோ அம்மாவிடம் முதலில் நீட்டி, "நேத்து நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். இன்றிலிருந்து நீங்கள்தான் செய்தி ஆசிரியர், வேறு என்ன வேண்டும் கேளுங்கள் என்றார். முதல் பக்கத்தில் இரண்டு பத்தி வேண்டும் என்று கேட்டார் அவர். ஒன்றில் நடந்தது, இன்னொன்றில் பேசுகிறவர்கள் பேசுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு எங்கள் பத்திரிகையில் பதினோரு வருஷம் இருந்தது. சில வாரங்கள் கழித்து அமெரிக்காவிலிருந்து ஒரு படம் வந்தது. அங்கேயே ஒரு பெரிய பத்திரிகை அவசரப்பட்டுக் கவர்னர் வென்றதாகத் தலைப்புப் போட்டிருந்தது. ஜெயித்த ஜனாதிபதி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "நாம் போடாத தலைப்பு" என்று அடியில் எழுதி அந்தப் படத்தைப் போட்டோம்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. தேர்தல் வந்தால் டி.வி.யில் எட்டுப் பேர் உட்கார்ந்து, பெட்டி திறக்கும் முன்பே ஆட்சி அமைத்துவிடுகிறார்கள். எட்டுப் பேரும் தவறிப்போனாலும் மறுநாள் அதே எட்டுப் பேர் வந்து உட்காருகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வருவதில்லை. ஒரு காலத்தில் நானும் அந்த வரிசையில் இருந்தவன்தான். ஆனால் நம்பிக்கை என்றால் என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தது, அந்த வியாழக்கிழமை மதியம்.

பத்திரிகை வெளிவரும் முன்பே வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அல்சூர்க் கடைக்காரர்கள், மில் ஆட்கள், ஜட்கா வண்டிக்காரர்கள், முதல் நாள் கேலி செய்த பழக்கடைக்காரரும்தான். "அம்மா வாயால வாசிக்கச் சொல்லுங்க!" என்று ஒருவர் கத்தினார். ஸ்டெனோ அம்மா படியில் ஏறி நின்றார். ஈரம் காயாத தாளை விரித்து, ஓட்டு எண்ணிய கதையைத் தமிழில் வாசித்து, பின்வரிசையில் நின்றவர்களுக்காகக் கன்னடத்திலும் சொன்னார். ஜெயித்தவர் நாற்காலியில் இருந்தவரே. ஆனாலும் நாடு முழுக்க ஒவ்வொரு சீட்டாக எண்ணிய பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது, எண்ணும் வரை அவர் கையிலும் ஒன்றும் இல்லை என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அமெரிக்க ஜனாதிபதிக்காக அல்ல அந்த ஆரவாரம் என்று எனக்குத் தோன்றியது. எல்லோரும் தங்களுக்கு வரப்போகும் சீட்டை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பழக்கடைக்காரர் கையைத் தூக்கினார். "அம்மா, நீங்க சொன்னா நம்புவோம். நம்ம ஊர்ல ஓட்டு வந்தா யாரு ஜெயிப்பாங்க? சொல்லுங்க!"

எல்லோரும் ஸ்டெனோ அம்மாவை நெருங்கி வந்தார்கள். அன்று அவர் எதைச் சொல்லியிருந்தாலும் அது பெங்களூர் முழுக்க வேதவாக்காகப் போயிருக்கும். ஸ்டெனோ அம்மா தாளை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். முகம் மலர்ந்து, உரத்த குரலில் சொன்னார்:

"தெரியாதுங்க. தெரிஞ்ச அன்னிக்கு இதே படியில நின்னு சொல்றேன்."

பழக்கடைக்காரர்தான் முதலில் கை தட்டினார்.