சும்மா உட்கார ஆள் தேவை

செவ்வாய்க்கிழமை தபால் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் எங்கள் ஊர் பார்க்கினால் வந்த வினை!

பார்க் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நாமக்கல் போகிற ரஸ்தாவில், சந்தைக்குப் பக்கத்தில் அரை ஏக்கர். ஒரு கிணறு, நாலு பெஞ்சு, கொஞ்சம் புல்தரை, ஓரத்தில் அரளி. சர்க்கார் கிராண்ட் கொடுத்தது, பஞ்சாயத்து போர்டு கட்டியது. கமிட்டிக்குக் காரியதரிசி வேறு யார்? கேஸ் இல்லாத வக்கீலாகிய நான்தான்.

தோட்டக்காரன் பெயர் மாரப்பன். கிராண்டில்தான் அவனுக்குச் சம்பளம். பண்ணைய வேலையில் இருந்தவனை, "சர்க்கார் பணம் மாரப்பா, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் முதல் தேதி வந்துவிடும்" என்று ஆசைகாட்டி இழுத்து வந்தவன் நான். இப்போது கடலை விலை படுத்துக் கிடக்கிறது. பண்ணையங்களில் இருக்கிற ஆளையே நிறுத்துகிறார்கள். இவனைத் திரும்ப யார் சேர்த்துக்கொள்வார்கள்?

இந்த நிலையில் போன மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம். 'பொதுஜனங்கள் பார்க்கை உபயோகிக்கிறார்களா என்று ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். அதைப் பொறுத்தே அடுத்த வருஷத்துக் கிராண்ட்.'

கிராண்ட் போயிற்று என்றே வைத்துக்கொண்டேன். ஏனென்றால்... எங்கள் பார்க்கில் யாரும் உட்காருவதில்லை! சந்தைக்கு வருகிறவர்கள் கிணற்றில் தண்ணீர் குடிப்பார்கள், போய்விடுவார்கள். பெஞ்சுகளில் காக்கைதான் உட்காரும்.

குப்பண்ணக் கவுண்டரிடம் ஓடினேன். சொந்தத் தோட்டங்காடு உள்ளவர். அவர் வந்தால் கூட நாலு பேர் வருவார்கள்.

"வந்து என்னுங்க பண்ணோணும்?" என்றார்.

"ஒன்றும் பண்ண வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்."

"சும்மாவா?" கவுண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொழுதோட ஒரு ஆம்பளை சும்மா ஒக்காந்திருந்தாப் பாக்கறவங்க என்னுங்க நெனைப்பாங்க? ஊட்டுல சண்டைன்னு பேசிப்போடுவாங்க!"

மாரப்பன் பிழைப்பைச் சொல்லிக் கெஞ்சியபிறகு, "செரி, வாரனுங்க" என்றார்.

ஆபீசர் வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அப்பாடா என்றிருந்தது. எத்தனை நேரம்? ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்! கவுண்டரின் கண் புல்தரையில் விழுந்துவிட்டது.

"அட, இத்தனை அருகம்புல்லு ஏறிக் கெடக்குது! இப்படியே உட்டா நெலத்தையே தின்னுபோடுமுங்க!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் குனிந்தால் மற்றவர்கள் நிற்பார்களா? ஒருவர் மாரப்பனின் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். ஒருவர் தண்ணீர் சேந்தப் போனார். இன்னொருவர் அரளியைக் கழிக்க ஆரம்பித்தார். மாரப்பன் பதறிப்போய் ஓடிவந்தான்.

"ஐயோ சாமி, அது களையில்லீங்க! ஆறு மாசமாத் தண்ணி ஊத்தி வளத்த புல்லுங்க!"

"அருகை எவனாச்சும் தண்ணி ஊத்தி வளப்பானா?" என்று கவுண்டர் சிரித்தார். நியாயமான கேள்விதானே?

அந்தச் சமயம் பார்த்தா ஆபீசரின் மோட்டார் வந்து நிற்க வேண்டும்! அவர் முன்னால் சண்டையா என்று பயந்துபோய், "மாரப்பா, பேசாமல் அந்தப் பெஞ்சில் உட்கார்!" என்று அவனைத் தள்ளி உட்கார வைத்தேன். ஆபீசர் வருகிறார் என்று அன்றைக்கு வெளுத்த சட்டை வேறு போட்டிருந்தான்.

ஆபீசர் பட்டணத்துக்காரர். நல்ல மனிதர். மண்ணில் குனிந்திருந்த ஐந்து பேரையும் பார்த்து, "ஊர்க்காரர்களா?" என்று என்னைக் கேட்டார்; ஆமென்று தலையாட்டியதும் புன்னகை செய்தார். நேரே பெஞ்சுக்குப் போனார்.

"தினமும் வருவீரோ?"

"தினமும் வாரனுங்க. பொழுது கெளம்பறதுக்கு முன்னாலயே வந்துருவனுங்க."

"இந்த இடம் அவ்வளவு பிடித்திருக்கிறதா?"

"இதை உட்டா எனக்கு வேற கதி இல்லீங்க சாமி."

ஆபீசர் உருகிவிட்டார். 'ஸார், இவன்தான் தோட்டக்காரன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் பார்க்கில் உட்காருகிறவர் எண்ணிக்கை பூஜ்யம் ஆகிவிடுமே... வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த பாவம்.

செவ்வாய்க்கிழமைத் தபாலில் உத்தரவு வந்தது. கிராண்ட் தொடரும். ஜனங்கள் பார்க்கின்மேல் வைத்திருக்கும் பிரியம் மெச்சத்தக்கது. பராமரிப்பு வேலையை அவர்களே மனமுவந்து செய்வதால் தோட்டக்காரர் அனாவசியம். முதல் தேதியிலிருந்து அந்தச் சம்பளத் தொகையில் கூடுதல் பெஞ்சுகள் வாங்கவும்!

சர்க்கார் பணத்தின் சுபாவமே இதுதானோ? கட்டிக் கொடுக்கத் தாராளம். தினமும் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் விடுகிற கைக்கு மட்டும் பஞ்சம். கேட்டால், 'கல்யாணம் பண்ணி வைத்தவனே பிள்ளையும் பெற்றுத் தரணுமா?' என்பார்கள். பெஞ்சை வாங்கிப் போட்டுவிடலாம் ஐயா, சித்திரை வெயிலில் செடிக்கு யார் தண்ணீர் விடுவது? கவுண்டர் தினமும் வருவாரா?

உண்மையை எழுதிப் போடலாம் என்று பேனாவை எடுத்தேன். 'பெஞ்சில் இருந்தவனே தோட்டக்காரன்' என்று எழுதினால் பார்க்கில் உட்காருகிற ஒரே மனிதனும் இல்லை என்றாகி, கிராண்டே போய்விடும். எழுதாவிட்டால் மாரப்பன் சம்பளம் போய்விடும். மூன்று நாளாக மசிதான் காய்கிறது.

நேற்று மாரப்பன் வீட்டுக்கு வந்தான். விஷயம் அவன் காதுக்கு எட்டிவிட்டது. கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. தாழ்ந்த குரலில் கேட்டான்:

"ஒக்காருன்னு சொன்னீங்க, ஒக்காந்தனுங்க. அது தப்புங்களா சாமி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் உடனே எழுதிப் போடுங்கள். முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.