கண்ணை மூடிப் பேசின வீடு

ஆடி மாசக் கூழுக்கு ஒரு புளிச்ச வாசனை உண்டு. கேழ்வரகும் நொய்யும் வெந்து புளித்து, மேலே சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, பக்கத்தில் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கூட வரும். அம்பத்தூர் ஏரிப் பக்கம் நாங்கள் குடியிருந்த "லைன் ஊட்டில்" ஆறு குடித்தனம். அந்த வாசனை ஆறு வாசலிலும் நுழையும். எங்கள் வாசலிலும்தான். ஆனால் நாங்கள் கிறிஸ்தவங்க, கூழ் எங்களுக்கு இல்லை. கோயிலில் படைத்ததைத் தொட்டால் ஆண்டவருக்குக் கோபம் வரும் என்று "சண்டே கிளாஸ்" அக்கா சொல்லியிருந்தார்.

எனக்கு அப்போது பதினோரு வயசு. எண்பதுகளின் கடைசி. பக்கத்து வாசல் செல்வி ஒரு டம்ளர் நீட்டினாள்.

"குடிடீ. யாருக்குத் தெரியப்போவுது?"

குடித்தேன். நல்லா இருந்தது. அதையும் சொல்லணும்.

மறுநாள் காலையில் பாவாடையில் ரத்தம்.

எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் வீட்டில் சங்கடமான விஷயத்தை முகம் பார்த்துப் பேசுகிற வழக்கமே கிடையாது. பேச வேண்டியதெல்லாம் சாயங்காலம் ஏழு மணி ஜெபத்தில்தான். அப்பா ஒரு அதிகாரம் வாசிப்பார். எல்லாரும் பாயில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடுவோம். அம்மா ஆரம்பிப்பாங்க.

"ஆண்டவரே, இந்த மனுஷன் பீடிய விட பெலன் குடும்."

அடுத்து அப்பா முறை. "கர்த்தாவே, தெனம் சுண்டக்கா கொழம்பு வெக்கிற ஊட்டுக்கு வேற யோசனைய தாரும்."

ஆண்டவரிடம் சொன்னதுக்கு யார் கோவிச்சுக்க முடியும்? ஆமென் சொன்னதும் சோறு போடுவாங்க. அதைப் பற்றி மறுபேச்சு இருக்காது.

நான் பாவாடையைத் தண்ணி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். கூழுக்குக் கிடைத்த தண்டனை, சாகப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். ரெண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என் "ஜாமெண்ட்ரி பாக்ஸை" எடுத்துத் தங்கச்சி பிரிசில்லாவிடம் கொடுத்தேன். இனிமேல் நீயே வச்சுக்கோ என்றேன். ஏழு வயசுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, எதுனா ஒடஞ்சிக்கீதா?"

ரெண்டாம் நாள் ஜெபம். அம்மா குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது.

"ஆண்டவரே, பெரியவ பாவாடைய டிரம்முக்குப் பின்னால ஒளிச்சி வெச்சிருக்கா. நான் பாத்துட்டேன். அது வியாதி இல்ல, எல்லாப் பொண்ணுங்களுக்கும் மாசா மாசம் வர்றதுதான், எனக்கும் வர்றதுதான்னு அவளுக்குப் புரிய வையும். எனக்கு வாய் வரல ஆண்டவரே."

அப்பா இருமினார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கேட்டே ஆகணும் என்று இருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டேன்.

"ஆண்டவரே, அப்போ இது கூழ் குடிச்சதுக்கு இல்லியா?"

வெளியே அம்மன் கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. முதுகில் அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா குரல்தான் வந்தது.

"கர்த்தாவே, அந்தக் கூழ நானுந்தான் குடிச்சேன். பாடி பக்கம், நான் வேல செய்யிற கம்பெனி வாசல்ல ஊத்துனாங்க. ரெண்டு சொம்பு. எனக்கு ஒண்ணும் ஆவல."

அம்மா கண்ணைத் திறந்துட்டாங்க. ஜெபத்துக்கு நடுவில் அவங்க கண் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு சொம்பா?"

அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. "கருவாடு வேற குடுத்தாங்க, ஆண்டவரே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாங்க. எனக்கும் சிரிப்பு, கூடவே அழுகை. பிரிசில்லா சந்தர்ப்பம் பார்த்து ஆமென் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வேலை ஒன்றும் இல்லை, எங்களுக்காகத்தான் போனார்.

அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாங்க. துணி எப்படி மடிக்கிறது, எத்தனை நாள், எங்கே வலிக்கும், எல்லாம் சொன்னாங்க. அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னாங்க. ஆனால் என்னிடம் சொன்னாங்க. கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் ரெண்டு நாள் செத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த "லைன் ஊடு" இல்லை, நாலு மாடி நிற்கிறது. அப்பா அம்மாவும் இல்லை. ஏழு மணிக்குப் பாய் விரிக்கிற வீடும் குறைந்துபோச்சு, ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். என் மகளுக்குப் பத்து வயசு ஆனபோது, எதுவும் வருவதற்கு முன்னால், பக்கத்தில் உட்காரவைத்து முகம் பார்த்துச் சொன்னேன். ரெண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினேன். சொல்லிட்டேன். அவள் மூணு கேள்வி கேட்டாள். ஒன்றுக்கு எனக்கே பதில் தெரியலை, டாக்டரம்மாவிடம் கேட்போம் என்றேன். சரிம்மா என்று விளையாடப் போய்விட்டாள்.

இதைப் படிக்கிற அப்பா அம்மாவுக்கு ஒன்று சொல்லிக்கறேன். பிள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க. பிள்ளையிடமும் பேசுங்க, முன்னாடியே பேசுங்க. பதினோரு வயசில் ரெண்டு நாள் ரொம்ப நீளம்.