முதல் மாணவியின் படம்

எங்கள் ஊருக்கு நல்ல சாலை வருவதற்கு முன்பே இணையதளம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருந்த சித்தப்பாதான் அதைச் செய்தார். மாரியம்மன் கோயில், ஏரி, பள்ளிக்கூடம், தர்மகர்த்தா குடும்பத்தோடு நிற்கிற படம் எல்லாம் இருந்தது. அடியில், பார்க்கிறவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு வருகைப் பதிவேடு. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த எங்கள் தெருக்காரர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அதில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். காலனியின் படம் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு உறுத்தவும் இல்லை.

அந்த வருடம் டெல்லியில் மருத்துவ மாணவர்கள் இட ஒதுக்கீட்டை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போன்ற பிற்படுத்தப்பட்டவர்களுக்குத் தகுதி கிடையாதாம். பதிவேடு கொதித்தது. நமக்கா மூளை இல்லை என்று துபாயிலிருந்து ஒருவர் தினமும் எழுதினார்.

அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. முதலில் வருகிறவர் படம் இணையத்தில் ஏறும், உலகமே பார்க்கும் என்று வகுப்பு முழுக்க நான்தான் தம்பட்டம் அடித்திருந்தேன். மகேஸ்வரி முதலில் வந்தாள். காலனிப் பெண், மூன்று வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்தவள். எனக்கு அவளைவிடப் பதின்மூன்று மதிப்பெண் குறைவு.

சித்தப்பா என் பெயரைத் தட்டி, பக்கத்தில் ‘பள்ளியின் முதல் மாணவி’ என்று சேர்த்தார்.

“நான் ரெண்டாவது சித்தப்பா.”

“நம்ம ஊர்ல நீதானே மொதலு? அவுங்களுக்குத்தான் கவர்மெண்டே எல்லாம் குடுக்குதே. இது ஒண்ணு இல்லன்னா இன்னா கொறஞ்சிடும்?”

இட ஒதுக்கீடு நம் உரிமை என்று அன்று காலையில்தான் பதிவேட்டில் அவரே எழுதியிருந்தார். நான் மறுபடி வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், எந்தப் படம் போடலாம் என்று கேட்டபோது சிவப்பு ரிப்பன் கட்டியதைப் போடச் சொன்னேன். வாழ்த்துகள் குவிந்தன. டெல்லிக்காரர்களுக்கு இந்தப் பெண்தான் பதில் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பூரித்தேன்.

மூன்றாம் நாள், நான் சென்டரில் இருந்தபோது, மகேஸ்வரி தன் அப்பாவோடு வந்து நின்றாள். அவர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார்.

“பத்து போதும், மில்லுக்கு வான்னு நாந்தாங்க சொன்னேன். கம்ப்யூட்டர்ல எம்பேரு வந்திருக்குது, அத பாத்துட்டு சொல்லுன்னு ஒரே புடியா நிக்குது” என்றார்.

சித்தப்பா வேறு வழியில்லாமல் பக்கத்தைத் திறந்தார். அந்தக் காலத்து இணைப்பில் படம் மேலிருந்து வரி வரியாகத்தான் இறங்கும். முதலில் ரிப்பன் வந்தது. மகேஸ்வரி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என் நெற்றி, கண், பல்லிளிப்பு. மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல எனக்கு இருந்தது.

“இதுல எங்க பொண்ணு பேரு எதுங்க பாப்பா?” என்று அவர் என்னைக் கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

மகேஸ்வரிதான் கையை நீட்டி, என் பெயர் இருந்த இடத்தைத் தொட்டாள்.

“இதாம்பா நானு. மொத மார்க்குன்னு போட்டிருக்குது பாரு.”

“போட்டோல இவுங்க இல்ல இருக்காங்க?”

“எங்கிட்ட ஏதுப்பா போட்டோ?”

அவர் திரையில் விரல் படாமல் அந்த எழுத்துகளின் மேல் கையை ஓட்டினார். சித்தப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம், “நீங்களும் நல்லா படிங்க பாப்பா, அடுத்த தபா மொதல்ல வந்துடுவீங்க” என்றார்.

மகேஸ்வரி சங்கராபுரத்தில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தாள். என்னோடு அதன்பிறகு பேசவே இல்லை. அன்று என்னைக் காட்டிக்கொடுக்காதவள் இப்போது ஏன் முகம் கொடுக்க மறுக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. திமிர் என்றுகூட வீட்டில் சொன்னேன். எனக்காகத்தான் பொய் சொன்னாள் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் நான் அவள் நினைப்பில்கூட இருந்திருக்க மாட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அப்பா அங்கிருந்தே மில்லுக்குக் கூட்டிப்போயிருப்பார். தான்தான் முதல் மதிப்பெண் என்று பெற்ற அப்பாவையே நம்பவைக்க, அவள் என் பெயரைத் தன் பெயர் என்று சொல்ல வேண்டியிருந்தது.