பனங்களியில் குளித்த என்ஜின்

இடம்பெயர்ந்தோர் பதிவில் ஞானாம்பிகைக்கு வாய்த்த வர்ணனை இது: "வயது ஐம்பத்திரண்டு. தொழில் இல்லை. தம்பியில் தங்கி வாழ்பவர்." எழுதியவர் மானிப்பாயில் அந்தத் தம்பி தியாகலிங்கத்தின் பட்டறைக்கு ஒருநாளாவது வந்திருக்கலாம். அங்கே யாரில் யார் தங்கி வாழ்ந்தார்கள் என்பது தம்பிக்கே தெளிவில்லை.

போரும் பொருளாதாரத் தடையுமாயிருந்த தொண்ணூற்றொன்றில், என்ஜின் பூட்டிய புதுத் தண்ணீர்ப் பம்பு கனவிலும் வராது. பழசைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றிப் புதிதாக்குவதே தியாகலிங்கத்தின் பிழைப்பு. கழுவியது மண்ணெண்ணெயில், கறுத்த மிச்சத்தை ஊற்றியது பட்டறையின் பின்னால். கீழே சுண்ணாம்புக்கல். ஊற்றியதெல்லாம் நேரே கிணற்றுக்குத்தான் போகும். ஒழுங்கையின் வீடுகள் முழுவதற்கும் குடிதண்ணீர் அந்தக் கிணறு.

"தம்பி, உந்தத் தேத்தண்ணியைக் குடிச்சுப் பார்."

"அடுப்பு மணமாக்கும், அக்கா."

"அடுப்பிலை எரியிறது தேங்காய்ப் பொச்சு. மணக்கிறது உன்ரை என்ஜின்."

தியாகலிங்கம் கோஸ்டிக் சோடாவுக்கு மாறினார். கொதிக்கும் சோடாத் தண்ணீரில் இரும்பு பளபளத்தது. அலுமினியப் பிஸ்டன் நுரைத்து அரிபட்டுப் போனது. மிச்சம் ஊற்றிய வேலியோரத்தில் வாழை கருகியது.

அதன்பிறகு அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். பொச்சுச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரைச் சுடவைத்து, உறுப்புகளை ஊறப்போட்டு, பனம்பழத்தைப் பிசைந்தெடுத்த பனங்களி பூசித் தேய்த்தார். சவர்க்காரம் கிடையாத ஊரில் சேலை தோய்த்த அதே பனங்களி.

"என்ஜினுக்குப் பணியாரமோ சுடுறியள்? ஆடு வந்து நக்குது," என்றார் தியாகலிங்கம்.

"மண்ணெண்ணெயை நக்கச் சொல்லு, பாப்பம்."

தொட்டியில் எண்ணெய் மேலே மிதந்து வந்தது. அக்கா அதைச் சிரட்டையால் வழித்துப் போத்திலில் ஊற்றினார். தியாகலிங்கம் அந்தப் போத்திலை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஒரே ஒரு என்ஜினின் அழுக்கு. இத்தனை வருடமும் இது எங்கே போயிற்று என்று எண்ணிக் கிணற்றுப் பக்கம் திரும்பினார்.

"இதிலையும் குறை இருக்கு," என்றார் அக்கா. "விறகு தின்னும், அரைநாள் தின்னும். கிணத்தைத் தின்னாது."

இப்படிக் கழுவி முதலாவதாகத் தேறிய பம்பை வாங்க, வட்டுக்கோட்டையில் பயிர் செய்யும் கமக்காரர் ஏரம்பு வந்தார்.

"அடுத்த கிழமை வாங்கோ அண்ணை," என்று ஞானாம்பிகை அதைக் கிணற்றடிக்குத் தூக்குவித்தார். கழுவச் செலவாகாமல் மிஞ்சிய மண்ணெண்ணெயை அதற்கு எரிபொருளாக ஊற்றினார். கிணற்றைக் கெடுத்த அதே எண்ணெயில் பம்பு ஓடியது. தியாகலிங்கம் கோயிலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்.

ஞானாம்பிகை எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டி அள்ளித் தகரப் பீப்பாவில் அடைத்தார். கிணற்றில் படர்ந்த எண்ணெயை வழித்தெடுத்து, தண்ணீரை ஊற ஊற அந்தப் பம்பால் இறைத்தார். மணம் போனதும் முதல் வாளியை ஒழுங்கைச் சனத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்.