படைக்காத பொரி

"லைன் லீடர் ஆவறது பெரிசில்லம்மா. ஆயுத பூஜ அன்னிக்கு மிஷினுக்கு யாரு சூடம் காட்றது? கிறிஸ்டியனுங்க நீங்க காட்ட மாட்டீங்களே. அப்புறம் எப்பிடி?"

என்னை லீடராக்கக் கூப்பிட்ட எங்கள் சூப்பர்வைசர் இதைக் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே சந்தேகம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி அச்சில் தள்ளும் மோல்டிங் மிஷின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு லீடர். ஆயுத பூஜைக்கு வரிசையின் மிஷின்களுக்குச் சூடம் காட்டுவது அந்த லீடர்தான். எங்கும் எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் மாறியதும் இல்லை. அதுவரை லீடர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் இந்துக்கள். ஆகவே இந்தக் கேள்வி யாருக்கும் வந்ததில்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்துத்தான் இந்தக் கம்பெனிக்குள் வந்தேன். கவரைப்பேட்டைப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்த அம்மா இப்போது வேறொரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறார். மகள் லீடர் என்று அவர் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நானும் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "ஸ்தோத்திரம்" என்றார். உடனே அடுத்த கேள்வி.

"ஆயுத பூஜைக்கு இன்னா பண்ணுவ?"

"அதத்தாம்மா சாரும் கேக்கறாரு."

"எல்லா வருசமும் போல லீவு போட்டுட்டு ஊட்ல கெட."

"லீடரு எப்பிடிம்மா அன்னிக்கு லீவு போடறது?"

"அப்ப லீடரு வேணாம். நாம கர்த்தரோட ஜனம்ன்ற சாட்சி கெட்டுப் போயிடும்."

பேச்சு அதோடு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். வேதம் வாசிப்பது என் பொறுப்பு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்து தெரியாது. எந்த அதிகாரம் என்பதையும் நானே எடுப்பேன். அன்று வேண்டுமென்றே பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தை எடுத்தேன். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பதுதான் அங்கேயும் கேள்வி. முதல் சில வசனங்களை விட்டுவிட்டு எனக்குத் தேவையான இடத்தில் ஆரம்பித்தேன். விக்கிரகம் என்பது ஒன்றுமேயில்லை, தேவன் ஒருவரே என்கிறார் பவுல். கொஞ்சம் இறங்கி வந்து, சாப்பாடு நம்மைத் தேவனிடம் சேர்க்காது, சாப்பிட்டதால் உயர்வும் இல்லை, சாப்பிடாததால் குறைவும் இல்லை என்கிறார். நடுவில் ஒரு வசனம் இருந்தது. அதை வாய்க்குள்ளேயே படித்துக் கடந்தேன். எனக்குக் கிடைத்துவிட்டது. வேதத்தை மூடினேன்.

"பாத்தியாம்மா? அது ஒண்ணுமில்லன்னு வேதத்துலயே எழுதிக்கீது. ஒண்ணுமில்லாததுக்கு முன்னாடி சூடம் காட்டினா இன்னா, பொரி தின்னா இன்னா?"

"அதிகாரம் முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் கீது."

"பின்ன ஏன் மூடின? பாதியில மூடாத. முழுசாப் படி."

அதிகாரத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அதை முடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். திரும்பத் திறந்து முதல் வசனத்திலிருந்து ஆரம்பித்தேன். அறிவு ஆளை ஊதிப் பெருக்க வைக்கும், அன்புதான் கட்டியெழுப்பும் என்று பவுல் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். வாய்க்குள் விழுங்கிய வசனமும் வந்தது. இந்த அறிவு எல்லோரிடமும் இல்லை, விக்கிரகத்தோடு பழகி வந்தவர்களுக்கு அந்தச் சாப்பாடு வெறும் சாப்பாடாக இருக்காது. உன் சுதந்திரம் இன்னொருவரை இடறி விழ வைத்துவிடாமல் பார்த்துக்கொள் என்று கடைசியில் முடிக்கிறார். நான் வாசிக்கும் வேகம் தானாகவே குறைந்துவிட்டது.

அம்மா எழுந்து சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு சொன்னார்: "நான் தீச்சட்டி எடுத்தவ. மஞ்சத்துணி கட்டிக்கினு தெரு முழுக்க நடந்தவ. அந்த சூட வாசன வந்தா எனக்கு இப்பவும் ஒடம்பு ஒரு மாதிரி ஆவும். ஒனக்கு அது பொரி. எனக்கு அப்பிடி இல்ல."

அம்மா ஞானஸ்நானம் எடுத்தபோது நான் கைக்குழந்தை. அவர் தீச்சட்டி எடுத்தது எனக்குத் தெரியும். ஆனால் கொரிந்து பட்டணத்தில் 'பழகி வந்தவர்கள்' என்று பவுல் சொன்னது என் அம்மாவைப் போன்றவர்களை என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. நான் பிறந்ததிலிருந்து சபையில் வளர்ந்தவள். விட்டுவருவதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை. எனக்கு வெறும் பொரியாகத் தெரிவது அம்மாவுக்கு அவர் விட்டு வந்த வாழ்க்கை.

அப்படியானால் லீடர் வேலையை விட்டுவிடுவதா? அதற்கும் மனம் வரவில்லை. சாப்பிடாதே என்று சொன்ன பவுல் எங்கேயும் ஓடிப்போய் ஒளிந்துகொள் என்று சொல்லவில்லை.

பக்கத்து மிஷினில் நிற்கும் தோழியிடம் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். அவள் பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெண். இரண்டு பஸ் மாறி வருவாள். மீன் குழம்பில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்க மாட்டாள்.

"இவ்ளோதானா ஒன் பேஜாரு? தட்ட நான் புடிக்கறேன். நீ ஏன்டி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?"

"லீடருதான காட்டணும்?"

"சாமிக்கு யாரு லீடருன்னு தெரியுமா இன்னா? சூடம் எரிஞ்சா போதும்."

மறுநாள் சூப்பர்வைசரிடம் போனேன். "சார், லீடரா இருக்கறேன். சூடம் காட்ட மாட்டேன். ஆனா லீவும் போட மாட்டேன். மிஷின் தொடைக்கறது, பெயின்ட் அடிக்கறது, தோரணம் கட்டறது, எல்லாத்துக்கும் கூட நிப்பேன். பூஜ நேரத்துல ஓரமா நிப்பேன். தட்ட பக்கத்து மிஷின் பொண்ணு புடிக்கறாளாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு மிஷின் நின்னா ஒன் தலையதாம்மா உருட்டுவானுங்க. எனக்கு ப்ரொடக்‌ஷன் கொறைஞ்சா நானும் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"சரி சார்."

"அப்ப பாரு. ஒன் பாடு."

பூஜைக்கு முன்தினம் மிஷின்களை நிறுத்தினோம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தோம். கருகி ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைச் சுரண்டினோம். என் வரிசை மற்ற எல்லா வரிசைகளையும்விடப் பளபளவென்று இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இருந்தது. மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, தோழி தட்டை எடுத்தாள். நான் டூல் ரேக் பக்கத்தில் நின்றேன். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பூசணிக்காய் உடைந்தது. அவ்வளவுதான்.

பிறகு பொரி, கடலை, வெல்லம் போட்ட பொட்டலங்கள் கைமாறின. வந்ததை நான் வாங்கவில்லை. தோழி தன் சாப்பாட்டுப் பையிலிருந்து தனியாக ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, இது ஒன்னுது. சாமி முன்னாடி வெக்கறதுக்கு முன்னயே எடுத்து வெச்சிட்டேன். படைக்காதது."

எங்கள் பக்கம் இந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். பொங்கலோ கொழுக்கட்டையோ, கிறிஸ்தவ வீட்டுக்குக் கொடுக்கும்போது, "படைக்காதது, சாப்புடுங்க" என்பார்கள். அடுப்பிலிருந்து இறக்கியதும் எங்களுக்கென்று ஒரு கிண்ணம் ஒதுக்கிவிட்டுத்தான் மீதியைச் சாமி முன் வைப்பார்கள். சின்ன வயதில் 'படைக்காதது' என்பது ஒரு பலகாரத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் படைக்காதது வேண்டும் என்று பக்கத்து வீட்டில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

அதே கடிதத்தில் இன்னொரு இடத்தில், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் உன்னிடம் சொன்னால், சொன்னவருக்காகச் சாப்பிடாமல் இரு என்கிறார் பவுல். இது படைக்கப்படவில்லை என்று சொல்வதற்காகவே ஒருத்தி முன்கூட்டி யோசித்து எடுத்து வைத்தால் என்ன செய்வது என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. அங்கேயே நின்று பாதியைச் சாப்பிட்டேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"படைச்சதா?" என்றார் அம்மா.

"படைக்காதது. பழவேற்காட்டுக்காரி தனியா எடுத்து வெச்சா."

அம்மா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். "வெல்லம் கம்மியாப் போட்டுக்கீறானுங்க" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் சபையில் சாட்சியாகச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த வாரமே என் வரிசையின் நடு மிஷின் நின்றது. பிளாஸ்டிக்கை உருக்கும் ஹீட்டர் பட்டை ஒன்று எரிந்துவிட்டது. பக்கத்து வரிசை ஆபரேட்டர் எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, சூடம் காட்டல, சூடு ஏறல!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, சொல் அப்படி அமைந்துவிட்டது. போன வருஷமும் இதே மிஷினில் இதே பட்டை எரிந்தது, அப்போது சூடம் காட்டித்தான் இருந்தார்கள் என்ற பதில் என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் வாயடைத்துப் போவான். அவனுடைய சாமியைக் கிண்டல் செய்ததாகவும் ஆகும். அறிவு ஊதிப் பெருக்க வைக்கும் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தோழி மூடவில்லை. "போன வருசம் எரிஞ்சப்ப யாரு மூஞ்ச பாத்து எரிஞ்சிது? ஒன் மூஞ்சயா? போடா, போய் ஒன் மிஷினப் பாரு."

அவள் அதைச் சொல்லலாம். சூடம் காட்டியவள் அவள்தான்.

எலெக்ட்ரீஷியன் வேறொரு கட்டடத்தில் வேலையாக இருந்தார். அவர் வரும்வரை மிஷின் குளிர்ந்து கிடந்தது. சூப்பர்வைசர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து போகும்போது கேட்டார்:

"இன்னாம்மா, லீடர் வேல வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

அந்த ஆபரேட்டரின் கிண்டல் என்னை உறுத்தவில்லை. எரிந்த பட்டையை மாற்றத் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் உறுத்தியது. இந்த மிஷின்கள் இனியும் நிற்கும். நிற்கும்போதெல்லாம் அந்தப் பேச்சும் எழும். அதைத் தடுக்க என்னால் முடியாது. மிஷின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை என்னால் குறைக்க முடியும்.

எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன். திருவள்ளூரில் சனிக்கிழமைகளில் மிஷின் பராமரிப்புக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்றார். ஞாயிறு ஆராதனைக்கு இடைஞ்சல் இல்லை. ஞாயிறு ஆராதனை முடித்து மதிய ஷிப்டுக்கு வருவதாகச் சொல்லி, என் வாராந்திர விடுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். போன சனிக்கிழமை முதல் வகுப்புக்குப் போனேன். பெண் நான் ஒருத்திதான். அங்கே பயிற்சிக்கு வைத்திருந்த மிஷினில் மீட்டரை வைத்து எந்தப் பட்டை எரிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டு வந்தேன்.