வரப்புக்கு அந்தப் பக்கம்

பெரிய அலுமினியக் குண்டானில் சாம்பார் கொதித்தால் பெருங்காய வாசனை பள்ளிக்கூட வாசல் வரை போகும். பசங்களுக்கு மணி அடிக்கவே வேண்டாம்...

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்த புதிது. காய்கறி எல்லாம் பஸ் ஸ்டாப் கடையில்தான். அன்றைக்குக் கத்திரிக்காய். ஒன்றுகூடச் சொத்தை இல்லை, அப்படி ஒரு பளபளப்பு. எனக்கு ஒரே பெருமை.

பரிமாறி முடித்த நேரத்தில் பக்கத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் தாவீது அண்ணன் வந்தார். உறவில் கல்யாணம் என்று மகள் ரூத்தை அழைத்துப்போக வந்திருந்தார். ரூத்தின் தட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், கத்திரிக்கா எங்க வாங்குனீங்க?"

"பஸ் ஸ்டாப் கடையிலதாண்ணே. ஏன்?"

"காலைல நான்தான் அங்க போட்டுட்டு வந்தேன். முந்தாநேத்துதான் பூச்சி மருந்து அட்ச்சது." குரல் இறங்கிவிட்டது. "எங்க வூட்ல இத துன்றதில்லீங்க."

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது வழக்கம். வரப்புக்கு இந்தப் பக்கம் விற்க, மருந்தடித்தது. அந்தப் பக்கம் நாலு பாத்தி வீட்டுக்கு, அடிக்காதது. யாரும் வெளியே சொல்வதில்லை.

மகளை மட்டும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு அவர் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. வரிசையில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் தட்டையும் அவரே குனிந்து குனிந்து வாங்கினார்.

அன்றைக்குப் பசங்களுக்கு வெறும் சோறும் முட்டையும்தான். எனக்குக் கோபம் வந்தது உண்மை... ஆனால் அந்த மனுஷனைத் திட்ட வாய் வரவில்லை.

"அடிக்காம விட்டா என்னண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"சொத்த இருந்தா மார்க்கெட்ல தொட மாட்டாங்க டீச்சர். இன்னா மருந்து அடிக்கணும்னு சொல்ல கடைக்கு கடை ஆள் கீறாங்க. மருந்து இல்லாம எப்டி வெளைய வெக்கறதுன்னு சொல்ல ஒர்த்தரும் இல்ல. நான் ஒண்டி இன்னா பண்ணுவேன்?"

அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கு வீட்டுப் பாத்திக் காயைக் கொண்டுவர ஆரம்பித்தார். பாதிக்குப் பாதி சொத்தை. சமையல்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே நறுக்குவார்.

இப்போது அரசாங்கமே இயற்கை விவசாயம், சிறுதானியம் என்று பேசுகிறது. கூட்டம், பயிற்சி, பேனர்... அன்றைக்கு இதெல்லாம் ஏது? சந்தோஷமாகத்தான் இருக்கிறது. போன மாதம் திருத்தணி போனபோது ஆசையாக அண்ணன் தோட்டத்துக்கும் போனேன். வரப்பு அப்படியே இருந்தது.

"மீட்டிங்குக்குலாம் போய்கினுதான் கீறேன் டீச்சர். சொத்தையோட வெளைஞ்சா யாரு வாங்குவாங்கன்னு கேட்டா மட்டும் அங்க பதில் இல்ல."

கிளம்பும்போது வரப்புக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பாத்தியில் பறித்து ஒரு பை நிறையக் கொடுத்தார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா. மடியில் பேத்தி, கையில் மார்க்கெட் கூடை.

"பாருங்க, கத்திரிக்கா எவ்ளோ நல்லா கீது. இதுக்கு ரொம்ப புடிக்கும்," என்று பேத்தியின் தலையைத் தடவினார்.

ஆங் என்று தலையாட்டினேன். என் பையை மெதுவாக சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.