எல்லாரும் ஏறினால்தான் ஜீப் கிளம்பும்

"உள்ளதாங்க இருக்காங்க, ரத்தம் எடுத்துக்கினு இருக்காங்க. குந்துங்க, வந்துடுவாங்க."

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஜன்னலில் வந்து கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். கேட்டார், சொன்னேன். அந்தப் பதில் இன்றுவரை என் காதை விட்டுப் போகவில்லை.

மலைக்குக் கீழே, ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. நானும் அந்த மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவள்தான். என் ஊர் செங்கம் பக்கம். சொந்தக்காரர்கள் கண்ணில் படக்கூடாதென்று இரண்டு பஸ் மாறி இங்கே வந்து பதிவு செய்துகொண்டேன், பிறகு இங்கேயே வேலையும் கிடைத்தது. ஒளிந்து ஒளிந்து வருவது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் என்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

தேதி தவறியவர்களுக்குப் போன் செய்து காரணம் கேட்டு எழுதுவதும் என் வேலை. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, சாமை அறுப்பு, பஸ் வரவில்லை என்பார்கள். அதை நான் எழுதிக் கொடுத்தால், படிக்கிற மேலதிகாரிகள் "அக்கறை இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாத்திரை டப்பா குலுங்கினால் சத்தம் கேட்குமே என்று, எங்கள் கண்முன்னாலேயே மாத்திரைகளைச் சீயக்காய்ப் பாக்கெட்டுக்குள் கொட்டி எடுத்துப் போகிறவளுக்கா அக்கறை இல்லை?

அப்படிக் கொட்டிக்கொண்டு போனவள் புதூர்நாட்டுப் பக்கத்து மலைக் கிராமத்துப் பெண். முப்பது வயது இருக்கும். மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போன புருஷன் நோயோடு திரும்பி வந்து இறந்துபோனான். மஞ்சள் காமாலை என்று ஊரில் சொல்லி வைத்திருந்தாள். பத்து வயதில் ஒரு மகள். மகளுக்குச் சோதித்துப் பார்த்ததில் நோய் இல்லை என்று வந்த அன்று, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் ஊரிலிருந்து கீழே வருவதற்கு ஒரு ஷேர் ஜீப்தான். அந்த ஜீப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஏறி வந்தவர்களில் ஒருவர் குறைந்தாலும் மதியம் கிளம்பாது. விட்டுவிட்டுப் போனால் மலையேற வேறு வண்டி கிடைக்காதே, அதனால் எல்லாரும் காத்திருப்பார்கள். ரொம்ப நேரமானால் நாலு பேர் நாலு பக்கம் தேடப் போவார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவளுக்கு அதுதான் பயம். கடைக்குப் போகிறேன் என்று ஜீப்பிலிருந்து இறங்கி, எங்களிடம் வந்து, மதியத்துக்குள் ஓட வேண்டும்.

அன்றைக்கு டாக்டர் வரத் தாமதம். ரத்தப் பரிசோதனை வேறு இருந்தது. இரண்டு தடவை எழுந்து வந்தாள்.

"அக்கா, ஜீப்பு எனக்காகக் காத்துக்கினு நிக்கும். அடுத்த மாசம் வர்றேன்க்கா."

"இம்மாந் தூரம் வந்துட்டு சும்மா போவியா? போய்க் குந்து," என்று அதட்டினேன். நல்லதுக்குத்தான் அதட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் ஜன்னலில் வந்து நின்றார். வேர்த்து ஒழுகியது.

"ஏம்மா, எங்க ஜீப்புல ஒரு பொண்ணு வந்துச்சி, நீலப் பொடவை. ஆஸ்பத்திரி முச்சூடும் தேடிட்டேன். இங்க இருக்குதா?"

அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். சொன்ன வாயை மூடுவதற்குள் கதவு திறந்தது. முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் வந்தாள். அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவர் "வாம்மா, போலாம்" என்று மட்டும் சொன்னார். அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த மாத்திரை டப்பாவை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. போன் அணைந்தே கிடந்தது. மூன்றாவது மாதம், புளி வாங்க வந்தவளைப் போல ஒரு கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினேன். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிப் போச்சிக்கா," என்றாள்.

"யாராவது கேட்டாங்களா?"

"எங்கூர்ல மூஞ்சிக்கு நேரா எவனும் கேக்கமாட்டான். முன்னல்லாம் பின்னாடி, எல்லார் கூடயும் நெருக்கிக்கினு குந்தி வருவேன். இப்ப என்னை மட்டும் முன்சீட்டுல தனியாக் குந்த வெக்கிறாங்க. இன்னாத்துக்கு? மறுபடியும் அங்க வந்து நின்னா, நாளைக்கு ஸ்கூல்ல எம் பொண்ணு பக்கத்துல எவ குந்துவா?"

கூடையிலிருந்த மாத்திரையை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்க போங்கக்கா. இனிமே வராதீங்க. நீங்க யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

திரும்பும்போது ஜீப்காரர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கூட்டம் பின்னால் நெருக்கியடிக்க, இந்த இடம் எப்படிக் காலியாக இருக்கிறது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"எங்கூர்ப் பொண்ணு ஒண்ணுக்கு வெக்கிற எடம்மா இது. இன்னிக்கி அது வர்ல. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துட்டு ஒருநா வாடிப்போய் வந்துச்சி. ரத்தம் கம்மி போல. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுமேன்னு முன்னாடி குந்த வெக்கிறோம்."

அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது! உடனே திரும்பிப் போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். பிறகு அதற்கடுத்த வாரம். 'வராதீங்க' என்று அவள் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு, நான் போகவே இல்லை. தேதி தவறியது அவள் மட்டுமல்ல.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அதே ஜீப் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்து நின்றது. நாலு பேர் மடியில் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். மகளும் கூட வந்திருந்தாள். பார்வை எங்கேயோ இருந்தது. வார்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் காதருகே குனிந்தேன்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ரத்தம் கம்மின்னுதான் முன்சீட்டு குடுத்தாங்க."

அவளுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே சாகப்போகிறேன்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெரியவர் மறுபடியும் ஜன்னலில் வந்து நின்றார். "ஏம்மா, எங்க பொண்ண எங்கயோ இட்டுக்கினு போய்ட்டாங்க. போன தபா இங்கதான இருந்துச்சி?"

"இல்லைங்க. அது வேற யாராவது இருக்கும். இங்க அப்படி யாரும் வந்ததே இல்லைங்க. பொம்பளைங்க வார்டு முன்பக்கம் இருக்குது, அங்க போய்க் கேளுங்க," என்றேன்.

தடுமாறாமல் வந்தது, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மதியம் அவள் இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரி வண்டியில் அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். ஜீப்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "காலைல எங்க கூட ஏறி வந்த பொண்ணுங்க. அத வுட்டுட்டு நாங்க மட்டும் எப்டிங்க போறது?" என்றார். காகிதமெல்லாம் முடிந்து அவளைத் தரும்வரை ஒருவரும் ஜீப்பை விட்டு நகரவில்லை. பின்னால் அவளைக் கிடத்தி, சுற்றிலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் அவள் மகளை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அந்தப் பெரியவர், அந்தப் பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.